மஞ்சள் திட்டு நகர்கிறது: சளிப்பூஞ்சையின் உடலமைப்பும் அதை வளர்க்கும் முறையும்

ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு, கடலூர்ப் பக்கத்துத் தோப்பு எதிலாவது மட்கிக் கிடக்கும் பலாக்கட்டையைக் குனிந்து பாருங்கள். பட்டை உரிந்த இடத்தில், அல்லது கொட்டகை ஓரம் நனைந்த வைக்கோலின் மேல், மஞ்சளாக, கொழகொழவென ஒரு திட்டு இருக்கக்கூடும். மறுநாள் அதே இடத்தில் தேடினால் இருக்காது. கொஞ்சம் தள்ளி இருக்கும். அதற்கடுத்த நாள் அசைவு நின்று, மேலே ஓடு கட்டி, தொட்டால் கரும்பழுப்பாகப் பொடி உதிரும். பூஞ்சணம் என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது பூஞ்சணம் இல்லை. செடியும் இல்லை, விலங்கும் இல்லை. சளிப்பூஞ்சை என்று சொல்லப்படும் உயிர் அது; ஸ்லைம் மோல்டு என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கல்லூரியில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஓரிரு பக்கப் பாடம். படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு ஆதங்கம் உண்டு. இவ்வளவு குறைந்த செலவில் மேசை மேல் வைத்து வளர்த்துப் பார்க்கக்கூடிய உயிர் வேறு அதிகம் இல்லை. அதோடு, இதன் உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், வளர்ப்பு முறையைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. ஏன் ஈரம் வேண்டும், ஏன் இருட்டு வேண்டும், ஏன் சத்தே இல்லாத அகாரில் (கடற்பாசி ஜெல்லியில்) வைக்கிறோம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த உடலிலேயே இருக்கிறது. அதனால் முதலில் உடலைப் பார்த்துவிடுவோம்.

பூஞ்சை என்று பெயர், அமீபாவோடு உறவு

ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இவற்றைப் பூஞ்சைகளோடு சேர்ப்பது சரியில்லை என்று சந்தேகித்தார். பூஞ்சையின் இழைகளுக்குக் கைட்டின் கலந்த உறுதியான சுவர் உண்டு. அது உணவை வெளியிலேயே செரித்துவிட்டுச் சாற்றை உறிஞ்சும். சளிப்பூஞ்சை வளரும் பருவத்தில் அதற்குச் சுவரே கிடையாது. பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சையின் ஸ்போர் (விதை போல முளைக்கும் நுண்துகள்) என்று எதிர்ப்படுவதை அப்படியே உடலால் சூழ்ந்து விழுங்கும். அமீபா செய்கிற அதே வேலை. இன்றைய வகைப்பாட்டில் அமீபாக்களின் பெருங்குழுவான அமீபோசோவாவில்தான் இவற்றுக்கு இடம். ஆனாலும் ஸ்போர் தாங்கும் தண்டும் தலையும் பூஞ்சையை நினைவூட்டுவதால், வழக்கத்தில் தாவரவியல், பூஞ்சையியல் துறைகளே இவற்றை விடாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. ஒன்று மிக்சோமைசீட்ஸ், சுமார் 1,000 இனங்கள். கட்டையில் நாம் பார்த்த மஞ்சள் திட்டு இந்த வகை. இன்னொன்று டிக்டியோஸ்டீலியம் கூட்டம். இவை மண்ணில், கண்ணுக்குத் தெரியாத அளவில் வாழ்பவை. இரண்டுக்கும் உடலமைப்பு வேறு, வளர்ப்பும் வேறு. முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். வீட்டில் வளர்க்க வாய்ப்பது அதுதான்.

ஒரே செல், கோடிக்கணக்கில் உட்கரு

மிக்சோமைசீட்ஸின் வளரும் உடலுக்குப் பிளாஸ்மோடியம் என்று பெயர். மலேரியா ஒட்டுண்ணிக்கும் இதே பெயர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டுக்கும் உறவு இல்லை.

உங்கள் உள்ளங்கை அளவுக்குப் பரந்து கிடந்தாலும் பிளாஸ்மோடியம் ஒரே செல்தான். உள்ளே உட்கருக்கள் மட்டும் லட்சக்கணக்கில், பெரிதாக வளர்ந்ததில் கோடிக்கணக்கில். உட்கரு பிரியும்போது செல்லும் கூடவே பிரிவதுதான் நம் உடம்பில் பொதுவான நடைமுறை. இங்கே உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போகிறது, நடுவில் தடுப்பு எழும்புவதில்லை. அறை அறையாகத் தடுக்காத கல்யாண மண்டபத்தில் ஒரே கூட்டமாக ஜனம் உட்கார்ந்திருப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த மூலையில் நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே இந்த உட்கருக்கள் அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிரிகின்றன. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் பைசாரம் பாலிசெஃபாலம் என்ற இனத்தில் ஏறக்குறைய 8 முதல் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை இது நடக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயை ஆராய்ந்த ஹரால்டு ரஷ் இந்த உயிரைத் தேடி வந்ததும் இதற்காகத்தான். செல் எப்போது பிரிய வேண்டும் என்று எது தீர்மானிக்கிறது என்பது அவர் கேள்வி. சாதாரணத் திசுவில் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே தாளத்தில் இருக்கின்றன. 1960-களில் அவருடைய குழு, வெவ்வேறு கட்டத்தில் இருந்த இரண்டு பிளாஸ்மோடியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒரே வழியில் வந்தவை என்பதால் அவை ஒன்றாகக் கலந்துவிட்டன. கலந்தபின் முந்தியதும் பிந்தியதும் நடுவான ஒரு நேரத்தில் சேர்ந்து பிரிந்தன. பிரிவதற்கான சைகை உட்கருவுக்குள் மட்டும் இல்லை, வெளியே புரோட்டோபிளாசம் என்ற உயிர்க்கூழிலும் ஓடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

இனி வடிவம். நகரும் பிளாஸ்மோடியத்தின் முன்பக்கம் விசிறியாக விரிந்த மெல்லிய படலம். பின்னால் போகப் போக அது குழாய் குழாயாகத் திரண்டு, கிளைத்து, வலையாகிவிடும். ஒவ்வொரு குழாயின் வெளிப்புறமும் கெட்டியான ஜெல். உள்ளே நீர்மையான புரோட்டோபிளாசம். ஜெல் பகுதியில் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் இருக்கின்றன. நம் தசைகளைச் சுருக்குபவையும் இவையே. அவை சுருங்கிச் சுருங்கி விரிய, உள்ளிருப்பது ஒரு பக்கம் ஓடும், பிறகு நிற்கும், திரும்பி ஓடும். இப்படித் திசை மாறுவது ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை. வேகம் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் வரை எட்டும். பள்ளி மைக்ரோஸ்கோப்பில், குறைந்த உருப்பெருக்கத்திலேயே இதைப் பார்க்கலாம். முதல்முறை பார்க்கிற எந்தப் பிள்ளையும் அந்தத் திரும்பும் கணத்தில் "சார், நின்னுடுச்சு!" என்று கத்தாமல் இருந்ததில்லை. முன்னோக்கி ஓடும் அளவு பின்னோக்கி வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், அந்த மிச்சம்தான் நகர்வு. வசதியாக இருந்தால் மணிக்கு ஒரு சென்டிமீட்டர், சில வேளை அதைவிட அதிகமாகவும் நகரும்.

எல்லாவற்றையும் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று மூடியிருக்கும். உயிர் நகர்ந்து போன பாதையில் அந்தச் சளி தங்கிவிடும். தான் ஏற்கெனவே சளி விட்டுப்போன இடத்தைப் பிளாஸ்மோடியம் கூடியவரை தவிர்க்கிறது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூளை இல்லாத உயிர் 'இங்கே வந்தாயிற்று' என்ற குறிப்பைத் தரையிலேயே எழுதிவைக்கிறது.

காய்ந்தால் ஒன்று, பசித்தால் ஒன்று

செல் சுவர் இல்லாத உடம்புக்கு வெயில் எமன். ஆனால் மெதுவாகக் காய்ந்தால் பிளாஸ்மோடியம் சாவதில்லை. உட்கருக்களைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்துச் சுவர் கட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் மொரமொரப்பான பொருக்காக மாறும். ஸ்கிளீரோஷியம் என்பது அதன் பெயர். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தண்ணீர் பட்டால் ஒரு நாளுக்குள் மறுபடி மஞ்சள் வலை.

தீனி தீர்ந்தால் வேறு பாதை. பைசாரத்தில் சில நாள் பட்டினிக்குப் பிறகு வெளிச்சம் பட்டால், மொத்த உடலும் ஸ்போர் தாங்கும் உறுப்புகளாக மாறிவிடும். ஒரு கட்டம் வரை உணவு வைத்தால் மனம் மாறும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு ஓட்ஸ் போட்டாலும் திரும்பாது.

இந்த ஸ்போர் உறுப்புகள்தான் சளிப்பூஞ்சையின் அழகு முழுவதும். பெரும்பாலானவை ஓரிரு மில்லிமீட்டர் உயரம். அடியில் ஒட்டுப்படலம், மேலே தண்டு, தண்டின் நுனியில் உருண்டையோ நீளமோ ஆன தலை. தலையை மூடி ஒரு மெல்லிய உறை. உள்ளே கருத்த அல்லது பழுப்பு, மஞ்சள் நிற ஸ்போர்ப் பொடி. பொடிக்கு நடுவே நூலிழைகளின் வலை. காற்றில் ஈரம் மாறும்போது இந்த இழைகள் அசைந்து ஸ்போர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். ஸ்டெமோனிட்டிஸ் இனங்களில் பழுப்புத் தலைகள் கொத்தாக நெட்டுக்குத்தாக நிற்கும். ஃபுலிகோ செப்டிகாவில் தனித்தனித் தலை இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே அடை. மழைக்குப் பின் தோட்டங்களில் தட்டுப்படும் மஞ்சள் திட்டு பல சமயம் இந்த ஃபுலிகோதான். பைசாரம் குடும்பத்தில் உறையின் மேல் சுண்ணாம்புத் துகள்கள் படிந்து சாம்பல் வெள்ளையாகத் தெரியும். புல்தரையில் திடீரென்று சாம்பல் நிறப் பொட்டுகள் படர்வதும் இந்தக் குடும்பத்து இனம் ஒன்றின் வேலையே. மருந்து அடிக்க ஓட வேண்டாம். அது புல்லைத் தின்பதில்லை, மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்போர் முளைத்தால் ஒற்றை உட்கரு கொண்ட அமீபா வரும். தண்ணீர் தேங்கினால் அதே அமீபா கசையிழை என்ற சாட்டை போன்ற வால் முளைத்து நீந்தும், வற்றினால் மறுபடி தவழும். பொருத்தமான இரண்டு சேர்ந்து ஒன்றாகி, அந்த ஒன்று மீண்டும் பிளாஸ்மோடியமாக வளரும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சுழற்சிப் படத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நாம் வளர்ப்புக்குப் போவோம்.

மரப்பட்டையிலிருந்து: ஈர அறை

காட்டில் அலையாமலே சளிப்பூஞ்சை பிடிக்க ஒரு வழி உண்டு. 1933-இல் அமெரிக்காவில் கில்பர்ட், மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. உயிருள்ள மரத்தின் பட்டையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்போர்களையும் பொருக்குகளையும் ஈரம் கொடுத்து எழுப்புவதுதான் சூட்சுமம். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கணக்கெடுப்புகளில் இதைத்தான் செய்கிறார்கள். முதன்முறை முயல்கிறவர் இதில் தொடங்குவதே நல்லது என்பேன். விலைகொடுத்து எதையும் வாங்க வேண்டாம், தோல்வியும் குறைவு.

வேம்பு, புளி, பூவரசு, பலா, முந்திரி போன்ற சொரசொரத்த பட்டை உள்ள மரமாகத் தேர்ந்தெடுங்கள். கொய்யா, யூகலிப்டஸ் மாதிரி உரிந்து உரிந்து வழவழப்பாகிற பட்டையில் ஸ்போர் தங்குவது கஷ்டம். மரத்தைக் காயப்படுத்தாமல், தானே பெயர்ந்து நிற்கும் வெளிப்பட்டையைத் தபால்தலை அளவுத் துண்டுகளாக எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கும்.

பெட்ரி தட்டின் அடியில் வடிதாள் ஒன்று. அதன்மேல் பட்டைத் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வெளிப்பக்கம் மேல் பார்க்க. பட்டை மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீர். கடலூர், புதுச்சேரிக் கரையோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இரண்டுமே வேண்டாம். ஆட்டோ கடையில் பேட்டரித் தண்ணீர் என்று விற்பது போதும், ஆனால் ஆசிட் கலந்த பாட்டிலைத் தவறி வாங்கிவிடாதீர்கள். சுத்தமாகப் பிடித்த மழைநீர் இன்னும் மலிவு. ஒரு நாள் ஊறவிட்டு மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு மூடி, நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்துவிடுங்கள்.

பிறகு பொறுமைதான். மூன்றாம் நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, நல்ல லென்ஸ் அல்லது ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில், பட்டையின் வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலில் வருபவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான குட்டித் தண்டுகளாக இருக்கும், வெறுங்கண்ணுக்குத் தூசி. மற்றவை வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் வரை தட்டைக் கொட்டிவிடாமல் வைத்திருக்கலாம். கூடவே பூஞ்சணமும் வரும், சிலந்திப்பேன்களும் ஊர்ந்து வரும். மிரளாதீர்கள், அந்தச் சின்னக் காட்டில் அவர்களும் குடிகள்.

அகாரும் ஓட்ஸும்

நகரும் மஞ்சள் வலையை அன்றாடம் பார்க்க வேண்டுமென்றால் பிளாஸ்மோடியத்தைத் தனியே வளர்க்க வேண்டும். உலக ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை பைசாரம் பாலிசெஃபாலம். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள வளர்ப்பை வரவழைப்பதில் அனுமதிச் சிக்கல்கள் உண்டு. பல்கலைக்கழகத் துறை எதிலாவது ஏற்கெனவே இருந்தால் ஒரு துண்டு கேட்டுப்பாருங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் கட்டையில் கிடைப்பதை எடுத்து முயலலாம். எல்லா இனமும் ஓட்ஸுக்கு மசியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிக்சோமைசீட்ஸில் ஆய்வகத்தில் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் காட்டியவை சொற்பமே.

தரை தயாரிப்பது சுலபம். 100 மில்லி தண்ணீருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் அகார். ரம்ஜான் நாட்களில் வீட்டில் ஜெல்லி காய்ச்சுகிற கடற்பாசி, சைனா கிராஸ் என்று மளிகைக் கடையில் கேட்பது, அதே அகார்தான். பாலோ சர்க்கரையோ உப்போ சேர்க்கக்கூடாது. பிரஷர் குக்கரில் முழு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் தட்டுகளில் ஊற்றி உறையவிடுங்கள்.

சத்தில்லாத அகார் எதற்கு? அகாரில் சர்க்கரையும் பெப்டோன் என்ற புரதச் சத்தும் கலந்தால் முதலில் கொழுப்பது பாக்டீரியாவும் பூஞ்சணமும்தான். சளிப்பூஞ்சைக்கு அகாரிலிருந்து வேண்டியது ஈரம் மட்டும். தீனி தனியாக, ஓட்ஸ் அவலாக, அதுவும் இரண்டு மூன்று. தின்று முடித்ததும் மறுநாள் இன்னும் இரண்டு. ஓட்ஸ் கொடுத்து வளர்க்கும் வழக்கம் 1930-களிலிருந்தே இருக்கிறது. கடையில் மசாலா போட்டு வரும் உடனடி ஓட்ஸ் உதவாது, உப்பு இதற்கு ஆகாது.

மூடியபின் இருட்டில் வையுங்கள். பிளாஸ்மோடியம் வெளிச்சத்தை விட்டு விலகும்; பட்டினியோடு வெளிச்சமும் சேர்ந்தால் ஸ்போர் போட்டு முடித்துவிடும் என்று மேலே பார்த்தோமே. அட்டைப்பெட்டி போதும். தட்டைக் கவிழ்த்து வைப்பது நல்லது. மூடியில் சேரும் நீர்த்துளி மேலே சொட்டாது.

அடுத்தது சூடு. நம் ஊரில் பெரிய தலைவலி இதுதான். பைசாரத்துக்குப் பிடித்தது 21 முதல் 25 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் சுணங்கும். கத்திரி வெயிலில் கடலூரில் ஏசி இல்லாத அறையில் இதை வளர்க்க முனைவது வீண் வேலை. ஈரமணலில் பானை வைத்துக் குளிர்விக்கும் உத்தியைச் சிலர் சொல்வார்கள். காற்று காய்ந்திருக்கும் உள்மாவட்டங்களுக்கு அது சரி, கடற்காற்றின் ஈரத்தில் பானை அவ்வளவாகக் குளிராது. கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதம் இயற்கையே ஏசி போட்டுத் தருகிறது. அந்தப் பருவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பூஞ்சணம் வரும். ஓட்ஸின் மேல் வெள்ளைப் பஞ்சு, பிறகு கருப்புப் பொட்டு. பலர் இந்தக் கட்டத்தில் தட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம். பூஞ்சணத்தால் நகர முடியாது, உங்கள் உயிரால் முடியும். விசிறியாக முன்னேறும் விளிம்பிலிருந்து, பூஞ்சணம் இல்லாத பக்கமாக, தீயில் வாட்டி ஆறவைத்த பிளேடால் அகாரோடு சேர்த்து ஒரு சிறு சதுரம் வெட்டிப் புதிய வெறும் அகாருக்கு மாற்றுங்கள். அங்கே தீனி வைக்காமல் விட்டால் பசியில் அது ஓடும், ஒட்டிவந்த அழுக்கு பின்தங்கும். மறுபடி முன்விளிம்பை வெட்டி இன்னொரு தட்டுக்கு. இப்படி மாற்றிக்கொண்டே வந்தால் சுத்தமாகிவிடும். வெட்டிய சதுரம் ஊனமான துண்டு இல்லை, அதுவே முழு உயிர். உட்கருக்கள் எல்லா இடத்திலும் இருப்பதால் எந்தத் துண்டும் பிழைத்துக்கொள்ளும். தட்டுகளை மாற்றும் நேரத்தில் தீனி வைக்கும் ஆசையை அடக்குவதுதான் உண்மையில் கடினம்.

சளிப்பூஞ்சை மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆனாலும் ஸ்போர்ப் பொடி சிலருக்குத் தும்மல், ஒவ்வாமை தரும். கெட்டுப்போன தட்டில் உள்ள பூஞ்சணம் அதைவிட மோசம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கழிக்கும் தட்டுகளைக் குக்கரில் வேகவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். சாப்பாடு செய்யும் குக்கர் வேண்டாம், தனியாக ஒரு பழைய குக்கர்.

வேறெந்த நுண்ணுயிரும் கலக்காத தூய வளர்ப்பு என்பது அடுத்த படி. டேனியலும் ரஷ்ஷும் 1961-இல் பைசாரத்தை ஓட்ஸும் பாக்டீரியாவும் இல்லாமல், கரைசல் ஒன்றிலேயே வளர்த்துக் காட்டினார்கள். குளுக்கோஸ், பெப்டோன் போன்ற வழக்கமான சத்துகளோடு ஹீமட்டின் என்ற இரும்புச் சேர்மமும் அதற்குத் தேவைப்பட்டது. ரத்தச் சிவப்பணுவின் நிறமியிலிருந்து வருவது. குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் வலையாகப் பரவ முடியாமல் குட்டிக் குட்டிப் பிளாஸ்மோடியங்களாக மிதக்கும். ஆராய்ச்சிக்கு அது வசதி. பார்க்க ஓட்ஸ் தட்டுதான் அழகு.

மண்ணில் இருக்கும் மற்ற கூட்டம்

டிக்டியோஸ்டீலியத்தில் பிளாஸ்மோடியமே கிடையாது. ஒவ்வொரு அமீபாவும் தனித்தனியாக மண்ணில் பாக்டீரியாவைத் தின்று திரியும். தீனி தீர்ந்ததும் சில அமீபாக்கள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய 6 நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பாக வெளிவிடும். பக்கத்தில் இருப்பவை அந்தத் திசையில் நகர்ந்துகொண்டே தாங்களும் அதை வெளிவிடும். இப்படி ஒரு லட்சம் வரை கூடி, சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக நகர்ந்து, வெளிச்சத்தை நோக்கிப் போய், கடைசியில் தண்டும் ஸ்போர்த் தலையுமாக நிமிரும். ஐந்தில் ஒரு பங்கு செல்கள் தண்டாகவே செத்துப்போகும், மற்றவை ஸ்போராகிப் பிழைக்கும். பட்டினி தொடங்கியதிலிருந்து இது முடிய ஒரு நாள்தான். முக்கிய ஆய்வு இனமான டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியத்தை 1935-இல் விவரித்தவர் கென்னத் ரேப்பர். அந்தத் துடிப்பின் பின்னால் இருப்பது சைக்ளிக் ஏஎம்பி என்று தெரிய 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை வளர்க்க அகார் மட்டும் போதாது, தின்னப் பாக்டீரியா வேண்டும். கிளெப்சியெல்லாவையோ ஆபத்தில்லாத ஆய்வக ஈ.கோலையையோ அகாரில் பரப்பி, கூடவே அமீபாக்களையும் விட்டு 22 டிகிரியில் வைப்பார்கள். மூன்று நாலு நாளில் பாக்டீரியாப் படலத்தில் வட்ட வட்டமாகத் தெளிந்த இடங்கள் தோன்றும். அங்கே தின்று தீர்த்துவிட்டார்கள் என்று பொருள். வட்டத்தின் நடுவில் பட்டினி முதலில் வருவதால் தண்டுகளும் அங்கேதான் முதலில் எழும். பாக்டீரியாவைக் கையாள வேண்டியிருப்பதால் இது வீட்டு வேலை இல்லை, கல்லூரி ஆய்வக வேலை. மண்ணிலிருந்து புதிதாகப் பிடிக்க, வைக்கோல் வேகவைத்த நீரில் செய்த அகாரில் மண்கரைசலைத் தெளிப்பார்கள். தமிழ்நாட்டிலேயே முதுமலைக் காட்டின் மண்ணிலிருந்தும் விலங்குகளின் சாணத்திலிருந்தும் உயிரியல் ஆய்வாளர் வித்யானந்த் நஞ்சுண்டையாவின் குழு இவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறது. பிச்சாவரம் அலையாத்தி ஓரத்து மண், ஆரோவில் பக்கத்து உலர்பசுமைக் காட்டு மண் என்று நம் பக்கத்தில் தேடிப்பார்க்க இடம் தாராளம்.

ரயில் பாதை போடும் சளி

2000-இல் ஜப்பானின் தோஷியுக்கி நாககாக்கி குழு, புதிர்ப்பாதை ஒன்றின் இரு வாசலிலும் ஓட்ஸ் வைத்து, பைசாரம் முட்டுச்சந்துகளை விட்டுவிட்டுக் குறுகிய பாதையில் மட்டும் குழாயை வைத்துக்கொண்டதைக் காட்டியது. 2010-இல் டோக்கியோவைச் சுற்றிய 36 இடங்களில் தீனி வைத்தார்கள். ஒரு நாள் சொச்சத்தில் அது போட்ட வலை அந்நகர ரயில் வலைக்கு ஒப்பாக இருந்தது. இதை வைத்து 'மூளையில்லாத மேதை' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அதிகம் ஓட்டமுள்ள குழாய் பருக்கிறது, ஓட்டம் குறைந்த குழாய் மெலிந்து மறைகிறது. உடம்பின் அந்த ஒரே விதியிலிருந்து இவ்வளவும் வருகிறது என்பதே போதுமான வியப்பு. மேதை பட்டம் தேவையில்லை.

நம் ஊர் வரைபடத்தில் இதைச் செய்துபார்க்கலாம். பெரிய தட்டில் அகார் ஊற்றி, விழுப்புரம், பண்ருட்டி, கடலூர், நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம், புதுச்சேரி இடங்களில் ஓட்ஸ் வையுங்கள். கிழக்கே கடல் இருக்கும் இடத்து அகாரை வெட்டி எடுத்துவிடுங்கள். காய்ந்த தரையில் அது இறங்கத் தயங்கும். கடலூரில் பிளாஸ்மோடியத்தை விடுங்கள். விழுப்புரம், பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் என்று போகும் பழைய மெயின் லைன் வருகிறதா என்று பார்க்க எனக்கு ஆசை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே சாலையில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் ரயிலில் போக விழுப்புரம் சுற்ற வேண்டும். சளிப்பூஞ்சை அந்த நேர்பாதையை விட்டுவைக்காது என்பது என் ஊகம். ஒரே தட்டை நம்பாமல் பல தட்டுகளில் செய்து, எல்லாவற்றிலும் வரும் குழாயை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வலை கொஞ்சம் மாறும்.

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் வளர்ப்பை மூட்டை கட்ட வேண்டும். நன்றாகத் தின்று கொழுத்த பிளாஸ்மோடியத்தை ஈரமான வடிதாளின் மேல் பரவவிட்டு, தீனியை நிறுத்தி, மூடியைச் சற்றே திறந்து இருட்டில் மெதுவாகக் காயவையுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்து அவசரப்படுத்தினால் பொருக்காகாமல் செத்துவிடும். ஓரிரு நாளில் தாளோடு ஆரஞ்சுப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். தாளைத் துண்டுகளாக நறுக்கிக் காகித உறையில் போட்டு, ஈரம் புகாத டப்பாவில் அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் ஒரு துண்டை வெறும் அகாரில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். உறையின் மேல் எந்த இனம், எந்த ஊரில் எந்த மரத்தில் எடுத்தது, என்றைக்குக் காயவைத்தது என்று பென்சிலால் எழுதிவையுங்கள்; பேனா மை ஈரத்தில் ஊறிப்போகும்.